குற்றாலிங்கத்தின் பதில்

ஆனந்தவள்ளிக்குக் கிருபாவைப் பிடிக்கவில்லை. முதல் நாளே பிடிக்கவில்லை.

தம்பி குற்றாலிங்கத்துக்குப் பிறவியிலேயே கைகால் இழுப்பு. பேச்சு குழறும். அவன் சொல்வது ஆனந்தவள்ளி ஒருத்திக்குத்தான் முழுக்கப் புரியும். அம்மா போன பிறகு டாக்டரிடமும் தாலுகா ஆபீசிலும் பஸ் கண்டக்டரிடமும் அவனுக்காகப் பேசியது அவள்தான். கேள்வி அவனிடம் போகும், பதில் இவளிடமிருந்து வரும். வீடு தேடி வந்து கேட்டாலும் பீடி சுற்றும் கை நிற்காமலே சொல்லிவிடுவாள்.

பகலில் அவன் போய்வரும் குற்றாலம் ரோட்டுக் காப்பகத்தில் இப்போது தங்கும் அறைகள் கட்டியிருந்தார்கள். இனி அங்கேயே தங்குவதா, அக்காவோடு இருப்பதா என்று முடிவாக வேண்டும். அதற்காக வீட்டுக்கு வந்தவள் கிருபா. காப்பகத்தில் சம்பளம் வாங்குகிறவள் இல்லை. குடும்பத்துக்கு வேண்டியவளும் இல்லை. அவன் விருப்பம் எதுவோ, அதற்குத் துணை நிற்க வந்தவள்.

"அக்கா, கொஞ்ச நேரம் வெளிய இருக்கீங்களா?"

"நான் இல்லாம அவன் சொல்லுதது ஒனக்கு எப்படிம்மா வெளங்கும்?"

"வெளங்குத வரைக்கும் இருக்கேன்க்கா."

கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள் கிருபா. அவ்வளவுதான் அவள் செய்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தாள் ஆனந்தவள்ளி. ஒரு சொல்லுக்காக அவன் முகம் கோணியது, எச்சில் வழிந்தது. கிருபா முந்தவில்லை. கடைசியில் இரண்டு பேரும் சிரித்தார்கள். தன்னோடு அவன் அப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று?

போகும்போது கிருபா சொன்னாள். "அவருக்குக் கொழச்ச தயிர்ச்சோறு பிடிக்காதாம்க்கா. ஒங்ககிட்ட சொல்லச் சொன்னாரு."

அவள் தெருமுனை தாண்டியதும் ஆனந்தவள்ளி தம்பியிடம் திரும்பினாள். "ஏலே, இத்தன வருசமா வாயத் தொறந்து தின்னியே. நேத்து வந்தவகிட்டதான் சொல்லணுமா?"

நீ கேக்கலயே என்றான் அவன். புரியாததுபோல் எழுந்து போனாள்.

காப்பகத்தில் கூட்டம் போட்டார்கள். மேலாளர் நமசிவாயம் வழக்கம்போல் ஆனந்தவள்ளியைப் பார்த்தே கேட்டார். "தம்பி என்ன சொல்லுதான்?"

"அவரையே கேளுங்க சார்," என்றாள் கிருபா.

குற்றாலிங்கம் சொன்னான். பதற்றத்தில் நாக்கு பின்னிக்கொண்டது. மறுபடி சொன்னான். சொல்ல நினைப்பதைத் தொட்டுக் காட்டும் படப் பலகையைக் கிருபா நீட்டினாள். விரல் நடுங்கி எந்தப் படத்திலும் நிற்கவில்லை.

"மன்னிச்சிருங்கண்ணே, எனக்கு வெளங்கல. அக்காகிட்ட கேக்கட்டுமா?"

அவன் தலையாட்டினான்.

ஆனந்தவள்ளிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. கிருபா தோற்றாள். அவன் சொன்னது முதல் தடவையே இவளுக்குத் தெளிவாகக் கேட்டிருந்தது. மாற்றிச் சொன்னால் மறுப்பான்தான். அந்த மறுப்புக்கும் அர்த்தம் சொல்ல இவளால் முடியும். எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அவன் இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இங்கனயே இருக்கேங்கான்," என்றாள். "ஞாயித்துக்கெழம தோறும் வீட்டுக்கு வந்துருவான்."

கிருபா அவனிடம் கேட்டாள். "அதுவும் நீங்க சொன்னதாண்ணே?"

"அவன் சொல்லல," என்றாள் ஆனந்தவள்ளி. "நான்தான் கேக்கேன்."

நமசிவாயம் ஏதோ சொல்ல வந்தார். கிருபா கையமர்த்தினாள். குற்றாலிங்கத்தின் முகம் பதிலுக்காகக் கோணத் தொடங்கியது. ஆனந்தவள்ளி பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள், கிருபாவைவிட ஒரு சாண் முன்னால் சாய்ந்து.