ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல்

என் வீட்டுக்காரருக்குச் சும்மா உட்காரத் தெரியாது. சர்க்கரை ஆலையில் அவருக்கு சீசன் வேலை. கரும்பு அரைக்கிற மாதங்களில் ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்தால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார். ஆலை நின்ற மறுநாளே கையில் கடப்பாரையோ சுத்தியலோ ஏறிவிடும். வீட்டில் எதையாவது இடிக்க வேண்டும், இல்லையென்றால் கட்ட வேண்டும். எங்கள் ஊர் மணலூர்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கொத்தனாருக்கு ஒன்றும் பஞ்சமில்லை. ஆனால் தன் வீட்டில் இன்னொருத்தன் கை வைப்பது அவருக்குப் பிடிக்காது.

சமையல்கட்டில் புகை நிற்கிறது என்று ஒரு தடவை சொல்லிவிட்டேன். மறுவாரம் சுவரை உடைத்து ஜன்னல் வைத்தார். அந்தப் பக்கம் அவர் அண்ணன் வீட்டு மாட்டுக்கொட்டகை. புகை வெளியே போகவில்லை, சாணி நாற்றம் உள்ளே வந்தது. குளிக்கிற இடத்துக்குத் தளம் போட்டார். தண்ணீர் சாக்கடைப் பக்கம் ஓடாமல் வாசற்படிப் பக்கம் ஓடியது. ஊற்றுகிற தண்ணீரையெல்லாம் துடைப்பத்தால் எதிர்ப்பக்கம் தள்ளித் தள்ளியே எனக்கு இடுப்பு ஒடிந்தது. கேட்டால், “அடுத்த வருசம் செரி பண்ணிடலாம்” என்பார். அடுத்த வருஷம் வேறு எதையாவது இடித்துக்கொண்டிருப்பார்.

இதற்கு நடுவில் இரண்டு பிள்ளைகள். வாசலில் எப்போதும் ஒரு மணல்மேடு இருக்கும். பூனை ஒதுங்குவதும் அங்கேதான், என் பையன் உட்கார்ந்து அள்ளித் தின்பதும் அங்கேதான். சோற்றில் மணல், பாயில் மணல், பிள்ளையின் காதில் மணல். பெரியவள் பெண். அப்போது ஒன்றாம் வகுப்பு. அப்பா வேலையில் இறங்கினால் அவளும் இறங்கிவிடுவாள். ஆணி எடுத்துக் கொடுப்பது, தூக்குக்குண்டு நூலைப் பிடிப்பது எல்லாம் அவள்தான். “என் சித்தாளு” என்பார் அவர். அவளுக்கு அதில் அத்தனை பெருமை. நான் கூப்பிட்டால், “வேல இருக்குதும்மா” என்று பெரிய மனுஷி மாதிரி பதில் சொல்வாள்.

எவ்வளவு திட்டினாலும் எனக்கும் உள்ளுக்குள் ஆசை இல்லாமல் இல்லை. ஒற்றைக் கூரை வீட்டுக்கு வாழ வந்தவள் நான். மழைக்காலத்தில் பாத்திரங்களை ஒழுகலுக்கு வைத்துவிட்டு, சமைக்கப் பாத்திரம் இல்லாமல் நின்றவள். அந்த வருஷம்தான் மேல்தளம் போட்டு ஒரு அறை எழும்பி, பூச்சு வேலையும் முடிந்திருந்தது. மொட்டை மாடியில் துணி காயப்போட்டுவிட்டு நின்றால் மேற்கே கல்வராயன் மலை நீளமாகத் தெரியும். என் பிறந்த வீட்டில் இப்படி ஒரு மாடி கிடையாது. பொங்கலுக்குச் சீர் கொண்டுவரும் என் அண்ணன்கள் இதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரே பரபரப்பு. சாம்பல் நிறத்தில் இருந்த சுவருக்கு வெள்ளையடித்தால் போதும்.

வெள்ளை என்றால் அன்றைக்குச் சுண்ணாம்புதான். வேகாத கல்லாக வாங்கிவந்து, நாங்களே தண்ணீர் ஊற்றி வேகவைத்துக்கொள்வோம். தார் டிரம்மைப் பாதியாக வெட்டி வைத்திருந்தார். அதில் கல்லைக் கொட்டித் தண்ணீரை ஊற்றினால் முதலில் ஒன்றும் நடக்காது. கொஞ்ச நேரத்தில் புஸ்ஸென்று சத்தம் வரும், கல் வெடிக்கும், ஆவி கிளம்பும், அடுப்பே இல்லாமல் தளதளவென்று கொதிக்கும். தெருவிலுள்ள பிள்ளைகளெல்லாம் வேடிக்கை பார்க்க வந்துவிடும். அவர் ஒரு முட்டையைத் துணியில் கட்டி உள்ளே இறக்குவார். எடுத்து உரித்தால் வெந்திருக்கும். யாரும் தின்ன மாட்டார்கள், நாய்க்குப் போடுவோம். “தண்ணி படாத வரைக்கும் இது வெறுங்கல்லு. தண்ணி பட்டா பேயி. தள்ளி நில்லுங்க” என்று பிள்ளைகளிடம் கண்ணை உருட்டிச் சொல்வார். பிள்ளைகள் கத்திக்கொண்டு பின்னால் ஓடும், திரும்பவும் வரும். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் வருஷா வருஷம் நடக்கிற கூத்துதான் இது. சுண்ணாம்பும் தண்ணீரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எங்கள் யாருக்கும் புத்தகம் பார்த்துத் தெரிய வேண்டியதில்லை.

வெந்த சுண்ணாம்பை இரண்டு மூன்று நாள் ஊறவிட வேண்டும். அந்த வருஷம் ஆலையில் லீவு கிடைக்கவில்லை. போகிக்கு முந்தின நாள் மட்டும் கெஞ்சி வாங்கிவந்தார். காலையில் வேகவைத்ததை மத்தியானமே வடிகட்டி நீலம் கலந்து அடிக்க ஆரம்பித்துவிட்டார். முன்பக்கச் சுவர் பாதி வெளுத்துவிட்டது. சாயங்காலத்துக்குள் முடித்துவிடலாம் என்று, வெள்ளையடிக்கிற மட்டையை வைத்துவிட்டு, டிரம்மின் அடியில் தங்கியிருந்ததைக் கலக்க மூங்கில் கழியை விட்டிருக்கிறார். வேகாத கல் ஒன்று அடியில் கிடந்திருக்கிறது. எம்பிப் பார்த்துக்கொண்டு நின்றது அவருடைய சித்தாள்.

நான் பின்னால் அடிபம்பில் பையனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். டப்பென்று ஒரு சத்தம். பிறகு அவள் அலறல். கையிலிருந்த சொம்போடு ஓடினேன். சொம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. அவள் இரண்டு கையாலும் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு குதித்தாள். விரலிடுக்கில் வெள்ளையாக வழிந்தது.

“ம்மா, தண்ணி! தண்ணி ஊத்தும்மா!”

அவர்தான் முதலில் கத்தினார். “ஏய், தண்ணிய கொண்டாராத! வெந்துடும்!” அதே நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என் ஓரகத்தி, அவர் அண்ணன் மனைவி, “தண்ணி ஊத்தாதடி, கண்ணு வெந்துபூடும்டி!” என்று கத்திக்கொண்டே ஓடிவந்தாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அவர்கள் கத்தாமல் இருந்திருந்தால் ஊற்றியிருப்பேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் காலையில் அந்த டிரம் கொதித்ததை என் கண்ணால் பார்த்திருந்தேனே. சொம்பை அவள் கைக்கு எட்டாத தூரத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன்.

வேட்டி நுனியால் துடைத்தார்கள். நல்லெண்ணெய் விட்டார்கள், குளிர்ச்சி என்று. ஓரகத்திக்குக் கைப்பிள்ளை இருந்தது. எங்கள் ஊரில் கண்ணில் தூசி விழுந்தாலும், கண் சிவந்தாலும் தாய்ப்பால்தான் பீய்ச்சுவார்கள். அவளும் உட்கார்ந்து பீய்ச்சினாள். பிள்ளை அடிபம்பைப் பார்த்துப் பார்த்துத் திமிறினாள். நான்தான் மடியில் போட்டு இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். “தண்ணி, தண்ணி” என்றாள். “செத்த பொறுத்துக்கடி கண்ணு” என்று அவளோடு நானும் அழுதேன். ஆறு வயசுப் பிள்ளைக்கு அத்தனை பலம் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. எனக்கு அதைவிட அதிகம் இருந்தது.

துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினோம். பையனை ஓரகத்தியிடம் விட்டுவிட்டேன். கரும்பு வெட்டு மும்முரமாக நடக்கிற நேரம். முன்னால் கரும்பு டிராக்டர்கள் வரிசையாக, ரோட்டை அடைத்துக்கொண்டு, ஆடி அசைந்து போயின. பஸ் அவற்றின் பின்னால் ஊர்ந்தது. டிரைவர் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி டிராக்டர்காரர்களைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே வந்தார். அவர்களில் பாதிப் பேர் அவருக்குத் தெரிந்தவர்கள். தினமும் ஆலையில் பார்க்கிற முகங்கள்.

பிள்ளைக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. முன்சீட்டிலிருந்த ஒரு அம்மா திரும்பி, “நாக்கு வறண்டுகினு கெடக்குது, வாய் நனைக்கக் குடுங்க” என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். நான் அதைத் தட்டிவிட்டேன். குடிக்கிறபோது சிந்திக் கண்ணில் பட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அந்த அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். பெற்றவள் எனக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா என்று மனசுக்குள் கறுவினேன். இன்றைக்கும் அந்த அம்மாவின் முகம் அப்படியே நினைவிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு டாக்டரம்மா. வயசு என்னைவிடக் குறைவாகத்தான் இருக்கும். கட்டை அவிழ்த்துக்கொண்டே கேட்டார்.

“எப்போ விழுந்தது? தண்ணி ஊத்திக் கழுவினீங்களா?”

“இல்லீங்கம்மா” என்றார் என் வீட்டுக்காரர். வழியெல்லாம் டிராக்டர்காரர்களைத் திட்டிக்கொண்டு வந்தவர், ஒரு காரியத்தையாவது ஒழுங்காகச் செய்தோம் என்கிற நிம்மதியோடு சொன்னார். “ஒரு சொட்டு தண்ணி படவுடலீங்க. பத்தரமா இட்டாந்தோம்.”

டாக்டரம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். நர்சை ஒரு அதட்டு அதட்டி, அங்கே இருந்த சலைன் பாட்டில்களையெல்லாம் எடுத்துவரச் சொன்னார். பிள்ளையை மேஜையில் சாய்த்துப் படுக்கவைத்து, இமையை விரித்துப் பிடித்து, அந்தத் தண்ணீரைக் கண்ணுக்குள் நேராக ஊற்ற ஆரம்பித்தார். நான் பாய்ந்துபோய் அவர் கையைப் பிடித்துவிட்டேன். “ஊத்தாதீங்கம்மா! வெந்துடுங்கம்மா!”

“வேக வேண்டியதெல்லாம் வர்ற வழியிலேயே வெந்துடுச்சும்மா” என்றார் அவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. “விழுந்த உடனே இதைத்தான் ஊத்தியிருக்கணும். கெணத்துத் தண்ணி, பம்புத் தண்ணி, எதுவா இருந்தாலும்.”

கை தானாக விட்டுவிட்டது. பாட்டில் பாட்டிலாக ஊற்றினார்கள். மேஜையிலிருந்து வழிந்து என் பாதமெல்லாம் நனைந்தது. தண்ணீர் பட்டதும் பிள்ளை கத்துவதை நிறுத்திவிட்டாள். கட்டிய தொண்டையோடு, “இன்னும் ஊத்துங்க” என்று டாக்டரம்மாவிடம் மரியாதையாகக் கேட்டாள். என் வீட்டுக்காரர் வெளியே போய்ச் சுவரில் தலையை முட்டிக்கொண்டார். வேட்டியெல்லாம் சுண்ணாம்போடு நின்ற அந்த மனுஷனைப் போய்த் தொடக்கூட எனக்குத் தோன்றவில்லை. அந்த நிமிஷம் அவரை வெறுத்தேன். அவரை மட்டுமா? கத்திய ஓரகத்தியை, பால் கொடுத்த அவள் மார்பை, அந்த மாடியை, சீர் கொண்டுவரப் போகிற அண்ணன்களை, எல்லாவற்றையும் வெறுத்தேன்.

பொங்கல் ஆஸ்பத்திரியிலேயே போனது. பிறகு பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்கும் அலைந்தோம். வலது கண்ணுக்கு ஒன்றுமில்லை. இடது கண்ணின் கருவிழி மேல் பால் ஆடை மாதிரி வெள்ளை படர்ந்து அப்படியே நின்றுவிட்டது. வெளிச்சம் மட்டும் தெரிகிறது என்றாள். பிறகு அதுவும் இல்லை என்றாள். ஊரில் பார்க்க வந்தவர்களெல்லாம், புதுவீட்டுக்குப் பூசணிக்காய் கட்டாமல் விட்டதால் திருஷ்டி விழுந்துவிட்டது என்றார்கள். ஒருத்திக்கு நான் வாசலைக் காட்டி வெளியே போகச் சொன்னேன். அதோடு யாரும் அப்படிப் பேசுவதில்லை. வருவதும் இல்லை.

முன்பக்கச் சுவர் பாதி வெள்ளையும் பாதி சாம்பலுமாக நின்றது. அவர் அதைத் தொடவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் எதையும் தொடவில்லை. ஆலை நின்றால் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருப்பார். கதவுக் கீல் கழன்று தொங்கும், குழாய் ஒழுகும், பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு சுத்தியல் சத்தம் கேட்காதா என்று எனக்கு ஏக்கமாக இருந்த நாட்கள் உண்டு. மிச்சச் சுவருக்கு ரெண்டு வருஷம் கழித்து என் கொழுந்தனார் பெயிண்ட் வாங்கிவந்து அடித்தார்.

பிள்ளை வளர்ந்தாள். யாராவது கேட்டால், “சின்ன வயசுல சுண்ணாம்பு பட்டுச்சு” என்பாள். அதற்குமேல் அவளுக்கு ஒன்றும் நினைவில்லை என்று நான் கண்டுகொண்டபோது, கோயிலுக்குப் போய் விளக்கு போட்டேன். அன்று மடியில் கிடந்து திமிறியது அவள் நினைவில் இல்லை என்பதுதான் எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல். அதைக் காப்பாற்ற வேண்டுமென்று ஓரகத்தியிடமும் சொல்லிவைத்திருந்தேன்.

எட்டாம் வகுப்புப் படிக்கும்போது ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டுவந்து சாப்பிட உட்கார்ந்தாள். அவள் அப்பா பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “இன்னிக்கு சயின்ஸ் மிஸ் சுட்ட சுண்ணாம்புல தண்ணி ஊத்திக் காட்னாங்கம்மா. கண்ணாடி கிளாசே சூடாயிட்சு” என்றாள். “கண்ணுல கிண்ணுல தெறிச்சா ஒடனே நெறைய தண்ணி ஊத்திக் கழுவணுமாம். எல்லாரும் திரும்பி என்னையே பாத்தாங்க.” சோற்றைப் பிசைந்துகொண்டே, ஊர்க்கதை கேட்பதுபோல, “அன்னிக்கு எனக்கு ஊத்துனீங்களாம்மா?” என்றாள்.

ஊத்தாம இருப்பமாடி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் தட்டை நகர்த்திவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“ஊத்தலம்மா. நீ தண்ணி தண்ணின்னுதான் கத்துன. நாங்கதான் உன்னப் புடிச்சிக்கினு வுடல.”

அவள் என் பக்கம் திரும்பினாள். தெரிகிற கண்ணால் என்னைப் பார்ப்பதற்காக முகத்தை முழுசாகத் திருப்ப வேண்டியிருந்தது.

“நானே கேட்டனாம்மா?” என்றாள்.