பதினெட்டு மோட்டாருக்கும் மூன்று

எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, நான் வந்து பேனாவைப் பிடித்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். நாலு பேர் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒருவர் மேல் நான் பட்ட சந்தேகத்தை அவரிடம் கடைசி வரை சொல்லவில்லை. சொல்லாதது இத்தனை வருடமாக உறுத்துகிறது.

தொண்ணூறுகளின் நடுவில், துடியலூர்ப் பக்கம் ஒரு பம்பு செட் கம்பெனியில் மோட்டார் டெஸ்டிங் பார்த்துக்கொண்டிருந்தேன். மோட்டாரைப் பெஞ்சில் ஏற்றிச் சுமையில்லாமல் ஓடவிட்டு, எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று மீட்டரைப் பார்த்துத் தாளில் எழுத வேண்டும். அந்த வருடம் முதலாளி ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். என்னை மூன்று மாதம் சாயங்கால வகுப்புக்கு ஆர்.எஸ்.புரம் அனுப்பினார். திரும்பி வந்து, டெஸ்ட் ரிப்போர்ட் அச்சடிக்க ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். நாற்பது வரி இருக்கும். வகுப்பில் முதல் வாரம் எழுதிய, பிள்ளைகளின் தலையை எண்ணும் புரோகிராமைத்தான் அங்கே இங்கே மாற்றி வைத்திருந்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

என் தாளைப் பார்த்து எண்களைத் தட்ட ஒரு பெண்மணியை வேலைக்கு எடுத்தார்கள். என்னைவிட இரண்டு வயது இளையவர். சூலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். அதற்கு முன் விசைத்தறிக் குடோனில் நின்றுகொண்டே வேலை பார்த்தவர். இங்கே உட்கார நாற்காலி இருக்கிறது என்று முதல் நாள் சொன்னார். அப்போதே திரையில் இருந்த என் புரோகிராமைக் காட்டி ஒரு கேள்வியும் கேட்டார்.

"ஏனுங்ணா, இந்த எழுத்துக்குப் பின்னால வாலாட்டம் ஒரு பர்சென்ட் குறி நிக்குதே, அது எதுக்குங்க?"

"அது அப்படித்தானுங்க போடோணும்" என்றேன்.

எனக்கே தெரியாது. தெரியாததைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் சீண்டுகிறாரோ என்று அன்றைக்கே மனதில் ஒரு முள் தைத்தது.

இரண்டாவது வாரம், சரக்கு எடுக்கும் கம்பெனியிலிருந்து ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார். ரிப்போர்ட்டை விரலால் கீழே வரை தடவிப் பார்த்தார். பதினெட்டு மோட்டார். பதினெட்டுக்கும் ஆம்பியர் மூன்று.

"ஏனுங்க, பதினெட்டும் ஒரே பிரசவத்துல பொறந்ததுங்களா? இல்ல, உங்க மீட்டர்ல சின்னக் கோடே கெடையாதுங்களா?"

முதலாளி சிரிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் போனதும் என் தாளை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். என் தாளில் 2.8, 3.1, 2.7, 3.4 என்று ஒழுங்காக இருந்தது. ஆகவே பழி என்மேல் இல்லை. அந்த அம்மாவைக் கூப்பிட்டார்.

"பஸ்ஸுக்கு ஓடற அவசரத்துல புள்ளியெல்லாம் முழுங்கிப்போட்டீங்களா அம்மணி?"

"இல்லீங்க. தாள்ல இருக்கறதத்தானுங்க அடிச்சேன்."

"சாயந்தரம் மறுக்கா ஒரு ரிப்போர்ட்டு எடுங்க. இதே கதைன்னா நாளையிலிருந்து வர வேண்டாம்."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் மீட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அவர் மேல்தான் சந்தேகம். ஐந்து பத்துக்கு வரும் பஸ்ஸுக்காக நாலேமுக்காலுக்கே பையை மடியில் வைத்துக்கொள்கிறவர். அதோடு, என் புரோகிராமைக் கெடுத்துக் காட்ட வேண்டும் என்றே செய்கிறாரோ என்றும் தோன்றியது. கையும் களவுமாகப் பிடிக்க நினைத்தேன்.

மத்தியானம் அவர் தட்ட உட்கார்ந்தபோது, ஸ்பேனர் தேடுகிறவன் போல நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். இரண்டு தட்டினார். புள்ளி தட்டினார். எட்டு தட்டினார். திரையில் 2.8 என்றே இருந்தது. அடுத்தது 3.1. ஒன்றும் விடவில்லை. நான் நிற்பது தெரிந்து கழுத்தை விறைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டினார். பிரிண்டர் கிறீச்சிட்டு வரிசையாகத் துப்பியது: மூன்று, மூன்று, மூன்று.

அவர் சாப்பிடப் போனதும் வகுப்பு நோட்டைப் புரட்டினேன். முதல் வாரப் பக்கத்தின் ஓரத்தில் என் கையெழுத்திலேயே இருந்தது: பர்சென்ட் குறி போட்டால் முழு எண் மட்டும். தலையை எண்ணும்போது இரண்டே முக்கால் பிள்ளை வராது, அதனால் அங்கே அது சரி. ஆம்பியருக்கு அது வந்த புள்ளியை வெட்டி, பக்கத்து முழு எண்ணில் உட்கார வைத்துவிடும். எங்கள் மோட்டார்கள் எல்லாமே மூன்றைச் சுற்றித்தான் இழுக்கும்.

குறியை எடுத்தேன். பதற்றத்தில் அச்சடிக்கும் வரியில் மட்டும் எடுக்காமல் விட்டுவிட்டேன் போல. அத்தனையும் பூஜ்யமாக வந்தது. குறியோடு இருந்தால் கம்ப்யூட்டருக்கு அது வேறு பெயர், அதற்குள் எண் எதுவும் இல்லை என்பது புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அதையும் எடுத்தபிறகு 2.8, 3.1 என்று வந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

நாலரைக்கு அந்த அம்மா மறுபடி தட்டி எடுத்த புது ரிப்போர்ட்டை முதலாளி மேசையில் வைத்தார். என்னையும் கூப்பிட்டார்கள்.

"பாத்தீங்களா? ஒரு வார்த்தை சொன்னதும் புள்ளியெல்லாம் தானா வந்துபோச்சு. மனுசனுக்குப் பயம் இருக்கோணும்."

அந்த அம்மா பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வாயைத் திறந்தேன்.

"தப்பு என்னுதுங்க. புரோகிராம்லதானுங்க."

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். "இதென்ன, புதுசாப் பரிஞ்சு பேசறீங்க?"

அந்தச் சந்தேகத்துக்கு வாயால் பதில் சொல்ல எனக்கு வராது. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து குறிகளைத் திரும்பப் போட்டு 2.8 தட்டினேன். மூன்று வந்தது.

"நீங்க தள்ளுங்க, நான் அடிக்கறேன்" என்று முதலாளியே உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டினார். அவருக்கும் மூன்றுதான் வந்தது. இன்னொரு தடவை தட்டினார். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் அந்த அம்மாவிடம், "பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னா கெளம்புங்க" என்றார்.

"வாரனுங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அவர் போனார். என் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் ஒன்பது மணிக்கு அந்த அம்மா வந்தார். அதற்குள் குறிகளை மறுபடி எடுத்து வைத்திருந்தேன். பன்னிரண்டு மோட்டார் டெஸ்ட் ஆனது. முதலாளி பழைய கை ரிஜிஸ்தரையும் கூடவே எழுதச் சொல்லியிருந்தார். நான் எழுதினேன், அந்த அம்மா தட்டினார், சாயங்காலம் முதலாளி இரண்டையும் பக்கத்தில் வைத்து விரலால் தடவிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.