ஸ்பீக்கர் என்னுடையது

செராஸில் எங்கள் வீட்டு ஹோம் தியேட்டருக்காக, அதிக விலையுள்ள டிஜிட்டல் ஸ்பீக்கர்களை என் சம்பளத்தில் வாங்கினேன். பழைய மாடல்தான், ஆனால் அந்தச் சத்தத்துக்கு ஈடில்லை. ஒருநாள் இடதுபக்க ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது. கணவர் அதைத் தூக்கிக்கொள்ள, பிரிக்பீல்ட்ஸில் ஒரு ரிப்பேர் கடைக்குப் போனோம்.

"கேபிள் மாத்திப் பாத்துட்டேன். உள்ள பவர் போர்டு போயிருக்கும், திறந்து பாருங்க" என்றேன்.

கடைக்காரர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "அண்ணே, இதுக்கெல்லாம் பார்ட்ஸ் கிடைக்காது. அக்கா சீரியல் பாக்க சவுண்ட்பார் போதும் லா" என்று என் கணவரிடம் சிரித்தார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் வாய் திறப்பதற்குள் கணவர் பேசினார்.

"பாஸ், இந்தப் பெட்டிக்குள்ளேயே ஆம்ப்ளிஃபயர் இருக்கு, அதுக்குக் கரண்ட் குடுக்குற போர்டத்தான் இவங்க சொல்றாங்க. கீச்சுச் சத்தம் குடுக்குற ட்வீட்டருக்கு ஒரு ஆம்ப், கனத்த சத்தம் குடுக்குற வூஃபருக்கு ஒரு ஆம்ப். இவங்க சொல்லித்தான் எனக்கே தெரியும். ஸ்பீக்கர் இவங்களோடது. இவங்க மூஞ்சியப் பாத்துப் பேசுங்க."

அப்போதும் அந்த ஆள் என் பக்கம் திரும்பவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினோம். கிள்ளானில் வேறொருவர் அதைத் திறந்து பார்த்தார். பவர் போர்டுதான்! சரிசெய்து கொடுத்தார்.

கடைக்காரர் மேலுள்ள கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால், என் ஸ்பீக்கர் புராணத்தைக் காதிலேயே வாங்கமாட்டார் என்று நான் நினைத்திருந்த என் கணவர், இத்தனை காலமும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.