கொத்தமல்லிக்கு வெளிச்சம் கூட்டப் போய்...

கருவடிக்குப்பத்தில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்குள் வெயிலே வராது. அதனால் செடி வளர்க்கும் பல்பின் கீழ் கொத்தமல்லி போட்டிருந்தேன். வெளிச்சம் சிதறாமலிருக்க, அட்டைப்பெட்டிக்குள் அலுமினியத் தாள் ஒட்டி, பல்புக்குக் குல்லாய் போல் கவிழ்த்துவிட்டேன். பெருமை தாங்கவில்லை!

மதியம் கருகல் வாடை வந்தது. வாசலுக்கு வந்து, "பாத்திமா அக்கா, அடுப்புல என்னமோ தீயுது பாருங்க!" என்று எதிர்வீட்டுக்குக் குரல் கொடுத்தேன்.

கதவைத் திறந்த அக்கா, "நான் இன்னும் அடுப்பே பத்த வைக்கல. உன் வீட்லேர்ந்துதான்டி புகை வருது!" என்றார்.

ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன். காற்றுப் போக வழியில்லாமல் பல்பு சூடேறி, அட்டை கருகி ஓட்டை விழுந்திருந்தது. பக்கத்திலேயே திரைச்சீலை!

இப்போது வெள்ளை பெயின்ட் அடித்த தகரத்தை வளைத்து, பல்பிலிருந்து ஒரு சாண் தள்ளி மாட்டியிருக்கிறேன். கருகல் வாடை வந்தால், முதலில் என் வீட்டைத்தான் பார்க்கிறேன்!