சூரியன் படம் போட்ட பட்டன்

போன சனிக்கிழமை எங்கள் மாடி அறைக்கு ஏசி வந்தது. வெறும் ஏசி இல்லை சார். குளிர்காற்றும் வரும், சூடான காற்றும் வரும் — இரண்டும் செய்கிற மாடல்.

"திருவண்ணாமலையில இருந்துக்கிட்டு சூடு பண்ற மெஷினா? உனக்கு என்ன, மூளை கீளை குழம்பிப் போச்சா?" என்றார் எதிர்வீட்டு நண்பர்.

நியாயமான கேள்விதான். பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் வேங்கிக்காலில் மொட்டை மாடியில் கால் வைக்க முடியாது. இந்த ஊரில் சூட்டைக் காசு கொடுத்து வாங்குவானா ஒருத்தன்?

நான் வாங்கினேன். காரணம் என் மனைவி கலா.

கலா கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் டீச்சர். வயது ஐம்பத்தொன்று. ஒரு வருடமாக அவளுக்கு... சுற்றி வளைப்பானேன், மாதவிடாய் நிற்கிற காலம். சும்மா உட்கார்ந்திருப்பாள், திடீரென்று முகம் சிவந்து வேர்த்துக் கொட்டும். ஃபேனை ஐந்தில் வைப்பாள். பத்து நிமிடத்தில் உடம்பு நடுங்கும், போர்வையைத் தேடுவாள். தூக்கமே போய்விட்டது. "ஹார்மோன்தாம்மா, கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும்" என்றார் டாக்டர்.

அப்போதெல்லாம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எனக்கு வேர்க்கலையே!"

ஒவ்வொரு முறையும் அதேதான். உலகத்துக்கே நான்தான் தெர்மாமீட்டர் என்கிற நினைப்பு.

அதோடு விட்டேனா? 'எங்கள் வீட்டில் சித்திரையும் மார்கழியும் ஒரே நாளில் வரும்' என்று இதே பக்கத்தில் எழுதியும் வைத்தேன். நீங்களும் சிரித்தீர்கள். கடிதமெல்லாம் போட்டீர்கள். கலா படித்தாள், பத்திரிகையை மடித்து வைத்தாள். "நல்லா எழுதியிருக்கீங்க" என்றாள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வேர்த்தால் என்னிடம் சொல்வதை நிறுத்திவிட்டாள். எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாள். சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை... இது தாங்க முடியவில்லை. வாயால் மன்னிப்புக் கேட்கத் தெரியாத ஆண்பிள்ளை என்ன செய்வான்? கடைக்குப் போவான். போனேன்.

மாட்ட வந்தவர் முபாரக் பாய். சுவரைத் தட்டிப் பார்த்தார், ஜன்னல்களைப் பார்த்தார்.

"அவுட்டோர் யூனிட்ட இந்த ஜன்னலாண்ட வெச்சுடலாம் சார். பைப்பு கம்மியா போதும்."

பள்ளிக்கு ஸ்பெஷல் கிளாஸ் எடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்த கலா வாசலில் நின்றாள். "அந்த ஜன்னல் மட்டும் வேணாம் பாய். மலை தெரியறது அது ஒண்ணுலதான். தீபத்தன்னிக்கு நான் எங்க நின்னு பாக்கறது?"

பாய் ஜன்னல் வழியாக மலையை ஒரு முறை பார்த்தார். "கரெக்டும்மா. பைப்பு ஜாஸ்தியானா ஆவட்டும், பின்பக்கம் போட்டுக்கலாம்" என்றார்.

சுவரில் ஓட்டை போட்டார். அது வெளிப்பக்கமாகக் கொஞ்சம் சரிந்து இறங்க வேண்டுமாம், இல்லையென்றால் தண்ணீர் அறைக்குள் சொட்டுமாம். செம்புக் குழாய் போட்டு, ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டினார். அறை ஜில்லென்று ஆனது. பிறகு ரிமோட்டை எடுத்து விளக்க ஆரம்பித்தார்.

"தெரியும் பாய், தெரியும்" என்றேன். படித்தவன் இல்லையா!

ஏசியை நிறுத்திவிட்டுப் பாய் கிளம்பினார். இரண்டு மணிக்குக் கலா வந்தாள். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாளாம், புடவை முதுகோடு ஒட்டியிருந்தது.

"மேல வா, உனக்காகத்தான் எல்லாம் ரெடி" என்று கூட்டிப் போனேன். ரிமோட்டைக் கையில் எடுத்தேன். இரண்டு படங்கள் — ஒன்று சூரியன், ஒன்று பனி. இதில் என்ன குழப்பம்? வெயில் காலத்துக்குச் சூரியன், பனிக் காலத்துக்குப் பனி. வெளியே என்ன அடிக்கிறது? வெயில். அழுத்தினேன் சூரியனை.

அடுத்து நம்பர். ஃபேனில் ஒன்றைவிட ஐந்து ஜாஸ்திதானே? ஏறுகிற மட்டும் ஏற்றினேன். அதற்கு மேல் போகவில்லை. போயிருந்தால் அதையும் வைத்திருப்பேன். காற்று நேராகக் கட்டில் மேல் படும்படி திருப்பினேன். "கொஞ்ச நேரத்துல ஜம்முனு வரும், படு" என்றேன். குளிர் வீணாகக் கூடாதே என்று ஜன்னலையும் கதவையும் இறுக்கிச் சாத்திவிட்டுக் கீழே வந்தேன். மனதுக்குள் எனக்கு நானே ஒரு சபாஷ்.

ஒரு மணி நேரம் கழித்து டீ போட்டு எடுத்துக்கொண்டு மேலே போனேன். கதவைத் திறந்தேன்...

அப்பாடி! இட்லிப் பானை மூடியைத் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது. கலா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, விடைத்தாள் கட்டால் விசிறிக்கொண்டிருந்தாள். கழுத்தெல்லாம் முடி ஒட்டிக் கிடந்தது. கண் சிவந்திருந்தது.

"கலா! என்னா இவ்ளோ சூடு இங்க? ஏன் கூப்பிடல?"

அவள் நிமிர்ந்து என்னையே பார்த்தாள்.

"உங்களுக்கும் சூடா இருக்கா?"

"பின்ன? அனலு வீசுதே!"

"நான் என் உடம்புதான்னு நெனச்சேங்க" என்றாள். "உங்களக் கூப்ட்டா, எனக்கு வேர்க்கலையேனு சொல்வீங்க."

ஒரு மணி நேரம்! நான் ஏற்றிவிட்ட சூட்டில் வெந்துகொண்டு, அதையும் தன் உடம்பின் குற்றம் என்றே உட்கார்ந்திருக்கிறாள். அப்படி நினைக்கப் பழக்கியவன் நான். அழுகையே வந்துவிட்டது.

பாய்க்கு போன் போட்டு, வெளியே வெயில் என்று சூரியனை அழுத்தி நம்பரை ஏற்றியதைச் சொன்னேன். ஸ்பீக்கரில் அவர் குரல் அலறியது. "ஐயோ, சூரியன் போட்டா சூடு சார்! பனிதான் குளிரு! நம்பரயும் கம்மி பண்ணுங்க. வெளிய இன்னா அடிக்குதுனு பாக்காதீங்க சார்... உள்ள இருக்கறவங்களுக்கு இன்னா வேணும்னு பாத்து அழுத்துங்க!"

கலா சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எத்தனை மாதமாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு! எனக்கோ நெற்றியிலிருந்து வேர்வை வழிந்துகொண்டிருந்தது.

"இப்ப வேர்க்குதா?"

"வேர்க்குது."

"எப்டி இருக்கு?"

"மூச்சு முட்டுது கலா."

"அதத்தாங்க ஒரு வருஷமா சொன்னேன்."

"தப்புதான்" என்றேன். கல்யாணமான இத்தனை வருடத்தில் அந்தச் சொல்லை முதல் தடவையாகச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

பனியை அழுத்தி, இருபத்தைந்தில் வைத்தேன். படுத்தவள் அப்படியே தூங்கிப் போனாள். ஐந்து மணிக்குக் கண் விழித்து, "குளுருதுங்க" என்றாள். எனக்குக் குளிரவில்லை. அதைச் சொல்லாமல் எழுந்துபோய்ச் சூரியனை அழுத்தினேன்.

போர்வைக்குள்ளிருந்து கேட்டாள். "இதையும் எழுதுவீங்களா?"

"வேணாம்னா எழுதல."

"எழுதுங்க எழுதுங்க. இந்த வாட்டி உங்களப் பாத்து சிரிக்கட்டும்."

ஆகவே, மகாஜனங்களே... கொஞ்சம் சத்தமாகவே சிரியுங்கள், மாடி வரைக்கும் கேட்க வேண்டும்!