ரங்கத்தில் நான் மழையில் வைத்த படம்

இரண்டு கைகளாலும் கன்னத்தைப் பொத்திக்கொண்டு அலறும் ஓர் உருவம், பின்னால் ரத்தச் சிவப்பில் வானம். அந்த ஓவியத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. வரைந்தவர் நார்வேக்காரர். அந்தக் காலத்தில் இந்தோனேசியாவில் ஓர் எரிமலை வெடித்துச் சாம்பல் பரவியதால்தான் அவர் ஊர் வானம் அப்படிச் சிவந்தது என்று சிலர் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியனான எனக்கு அந்த மனிதர் மேல் பல வருடப் பைத்தியம். அந்தமானிலும் ஓர் எரிமலைத் தீவு இருக்கிறதே, அந்த வானம் அங்கே கிடைக்காதா என்று மே மாதக் கடைசியில் கிளம்பிவிட்டேன். மழை தொடங்குகிற நேரத்தில் சிவப்பு வானம் தேடிப் போன புத்திசாலி நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள், மேலே போனால் சிரிக்க ஒன்றுமில்லை.

போர்ட் பிளேரிலிருந்து ரங்கத் ஊருக்குச் சாலை வழியே சுமார் 170 கிலோமீட்டர். விடியற்காலை நான்கு மணிப் பேருந்தைப் பிடித்தேன், டிக்கெட் இருநூற்றுச் சொச்சம். ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் எல்லா வண்டிகளையும் நிறுத்தி, நேரம் வந்ததும் மொத்தமாக விடுகிறார்கள். அதற்கப்பால் ஜாரவா பழங்குடி மக்களின் காடு. அங்கே வண்டியை நிறுத்தவும் கூடாது, படம் எடுக்கவும் கூடாது. நடுவில் ஒரு கடல் கால்வாயைப் பேருந்தோடு படகில் ஏறிக் கடக்க வேண்டும். ரங்கத் பஜாரில் இறங்கும்போது பதினொரு மணி, இடுப்பு கழன்றுவிட்டது.

அழைத்துப் போக ஆட்டோவோடு வந்தவர் பிமல், வங்காளி. அவர் வீட்டில்தான் அறை, சாப்பாட்டோடு நாளொன்றுக்குத் தொள்ளாயிரம். அவர் மனைவி லெட்சுமி நம் தமிழ்ப் பெண், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களைக் கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடிவைத்தார்களே, அப்படி ஒரு குடும்பத்தில் பிறந்தவர்.

“மெயின்லேண்டுல எந்த ஊரு சார்? மொதல்ல கை கழுவுங்க, மீன் கொழம்பு ரெடி. பிமல், பாபுக்குப் பானி குடு!” என்று எனக்குத் தண்ணீர் தரச் சொல்லி, ஒரே மூச்சில் தமிழிலும் இந்தியிலும் உபசரித்தார்.

என் அறைச் சுவரில் ஒட்டுப்பலகையில் வரைந்த ஒரு படம் இருந்தது. பத்து வயதுப் பெண், இரட்டை ஜடை, சிவப்பு ரிப்பன். பூஞ்சையும் அடுப்புப் புகையும் சேர்ந்து முகம் மங்கியிருந்தது.

“எங்க அக்கா சார், இப்ப இல்ல. பூஞ்சை புடிச்சுக்கிட்டே போகுது. நீங்க டிராயிங் மாஸ்டர்தானே, ஏதாச்சும் பண்ண முடியுமா?”

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடிந்தால்தானே! என் நார்வேக்காரரை அவிழ்த்து விட்டேன். அவர் தன் ஓவியங்களைக் கூரையில்லாத முற்றத்தில் மழையிலும் பனியிலும் போட்டுவைப்பார்; தேறுகிற படம் தேறட்டும், மற்றது போகட்டும் என்கிற முரட்டு வைத்தியம். “உங்க படத்தையும் ஒரு மழையில நனைய விட்டா பூஞ்சை போயிடும், படத்துக்கு உயிர் வந்துடும்” என்றேன். அந்த ஓவியர் தன் படத்தைத்தான் போட்டார், அடுத்தவர் வீட்டுப் படத்தையல்ல. அது அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை. என்ன வண்ணம் என்று ஈர விரலால் ஓரத்தில் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பலகையில் இருப்பதால் தண்ணீரில் கரையாத எனாமல் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

வீட்டு வாசல் பாக்கு மரத்தில் படத்தைச் சாய்த்து வைக்கும்போது பிமல் வானத்தைக் காட்டினார். “சார், பாரிஷ் ஆயேகா. பஹுத் ஜோர். பெரிய மழை.”

“வரட்டுமே, அதுக்குத்தானே வைக்கிறோம். நான் வர்ற வரைக்கும் யாரும் எடுக்காதீங்க.”

“அவரு படிச்சவரு, சும்மாவா சொல்லுவாரு? நீ சுப் ரஹோ” என்று லெட்சுமி கணவரை அடக்கினார்.

எட்டு கிலோமீட்டர் தள்ளி ஆம்குஞ்ச் கடற்கரை, என் சிவப்பு வானத்தைத் தேடிப் பிமலின் ஆட்டோவில் போனேன், போக வர முந்நூறு. எரிமலைத் தீவு அங்கிருந்து கண்ணுக்குத் தெரியாது. வானம் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது. மழை கொட்டத் தொடங்கியதும் அங்கிருந்த ஒரு குடிசையில் ஒதுங்கி, பிமலுக்கு ஒரு மணி நேரம் ஓவிய வகுப்பு எடுத்தேன். பாவம், அவர் வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தபோது லெட்சுமி குடையோடு பாக்கு மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். குடை அவர் தலைக்கு மேல் இல்லை, பலகைக்கு மேல் இருந்தது. பலகையில் பூஞ்சை இல்லை. முகமும் இல்லை.

“கரைய ஆரம்பிச்சுது சார். நீங்க எடுக்கக் கூடாதுன்னீங்க. அப்பறம் மனசு கேக்கல, கொடை புடிச்சேன்.”

ஐயோ, அப்போதாவது வாயை மூடினேனா? அந்த ஓவியருடைய அக்காவும் சிறு வயதிலேயே காசநோயில் போனவள்தான், அவள் படுக்கையில் கிடந்ததை அவர் திரும்பத் திரும்ப வரைந்தார், “நீங்களும் மறுபடி வரையலாம் லெட்சுமி” என்றேன்.

“நான் வரையல சார், அப்பா வரைஞ்சது. சுனாமியில அக்கா போயிட்டா, வூட்டோட போட்டோவெல்லாம் போயிருச்சு. கேம்ப்புல எனக்குக் குடுத்த வாட்டர் கலர் பெட்டியில வரைஞ்சாரு. இப்ப அப்பாவும் இல்ல.” பலகையை முந்தானையால் ஒற்றினார். “எனக்கு அப்ப மூணு வயசு. அக்கா மூஞ்சி எனக்கு ஞாபகமில்ல சார். இதுதான் அக்கா மூஞ்சி.”

போனில் எடுத்து வைக்கவில்லையா என்று பிமல் இந்தியில் கேட்டார். சுவரிலேயே இருப்பதை யார் எடுப்பார்கள் என்று லெட்சுமி சொன்னது எனக்கும் புரிந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. திட்டியிருந்தால் தேவலை. “சாப்பிடுங்க சார், ஆறுது” என்று தட்டை வைத்தார். தலை நிமிராமல் சாப்பிட்டேன்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். டிசம்பர் முதல் மார்ச் வரை போங்கள். பேருந்துக்கு முந்தின நாளே டிக்கெட் எடுங்கள், கையில் ரொக்கம் வையுங்கள். வழியில் நெட்வொர்க்கை நம்பாதீர்கள். தங்குகிற வீட்டில் உங்களுக்குத் தெரியாததைக் கேட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், ஒன்றும் குறைந்துவிட மாட்டீர்கள்.

போர்ட் பிளேர் வந்ததும் போனில் இருந்த படங்களையெல்லாம் தேடினேன். அந்த அறையில் எடுத்தது ஒன்றே ஒன்று, அறைக்குள் நுழைந்ததும் பல்லைக் காட்டி எடுத்துக்கொண்ட செல்ஃபி. பின்னால் அந்தப் படம் இருக்கிறது. அதன் முகத்தை என் தலை மறைக்கிறது. கூசிக்கொண்டே லெட்சுமிக்கு போன் செய்து சொன்னேன்.

“எவ்வளவு தெரியுதோ அனுப்புங்க சார்.”

என் மூஞ்சியை வெட்டி எடுத்துவிட்டு அனுப்பினேன். மிஞ்சியது ஒரு ஜடை நுனியும் சிவப்பு ரிப்பனும்.