டாக்டரம்மா ஓதவில்லை

செவ்வாய்க்கிழமை காலை குழாயடியில் குடத்தோடு நின்றிருந்தபோது செய்தி வந்தது. எதிர்வீட்டுச் சரசக்கா கிளினிக் பக்கமிருந்து வேகமாக நடந்து வந்தார். "பல் டாக்டரம்மா போயிட்டாங்களாமுங்க. நெஞ்சு வலின்னு கோயமுத்தூருக்குக் கொண்டு போயிருக்காங்க, பாதி வழியிலயே முடிஞ்சிருச்சாம்" என்றார். எல்லோரும் 'அய்யோ' என்றார்கள். உடனே எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சரியாகச் சொன்னால், என் வாயைப் பார்த்தார்கள்.

ஏன் பார்த்தார்கள் என்பது எங்கள் ஊரான நெருப்பெரிச்சலில் வீதிக்காரர்களுக்குத் தெரியும். டாக்டர் சுபைதாவிடம் பல் காட்ட வெளியிலிருந்து வந்தவர்களுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அவர் நினைவாகக் கிளினிக் வாசலில் கூடப்போகும் உங்கள் எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். யாராவது விழித்துக்கொள்வார்களோ என்று பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் செய்யாத ஒன்றைச் செய்தார் என்று வீதி முழுக்கப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சால் என் பள்ளிக்கூடமே நின்றுபோகப் பார்த்தது.

நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது, அரைப்பரீட்சை நேரத்தில் ஒருநாள் காலையிலிருந்து விடாமல் வாந்தி எடுத்தேன். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். கம்பெனி முதலுதவிப் பெட்டியிலிருந்து வாந்தி மாத்திரை வாங்கி வந்து கொடுத்தார். பொழுது சாயும் நேரத்தில் என் நாக்கு தடித்தது. தாடை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, திறந்த வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. கழுத்து திரும்பியது; கண்கள் மேலே போய்ச் செருகின. எனக்கு நினைவு தப்பவில்லை. அதுதான் கொடுமை. கூடியிருந்தவர்கள் 'காத்துக் கருப்பு அடிச்சிருச்சு' என்று சொன்னது எல்லாம் காதில் விழுந்தது. 'இல்லை' என்று சொல்ல வாய் வரவில்லை.

தாடை கழன்றிருக்கும் என்று நினைத்து அப்பா என்னைப் பல் டாக்டரிடம் தூக்கிப் போனார். அம்மாவும் சரசக்காவும் பின்னாலேயே ஓடி வந்தார்கள்.

டாக்டரம்மா என் தாடையைத் தொட்டுப் பார்த்தார். "பாப்பாவுக்கு ஏதாச்சும் மருந்து குடுத்தீங்களா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"ஒரு மருந்தும் குடுக்கலீங்க."

அம்மா பொய் சொல்லவில்லை. எங்கள் வீதியில் வயிற்றுக்குப் போடுவது மருந்துக் கணக்கில் சேராது. காய்ச்சலுக்கு, இருமலுக்குச் சாப்பிடுவதுதான் மருந்து. வாந்தி மாத்திரையும் வயிற்றெரிச்சல் மாத்திரையும் பெப்பர்மிண்ட் போல. கேட்டவருக்குக் கேட்டபடி கை மாறும்.

டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தார். "சரிங்க. வயித்துக்கு என்ன போட்டீங்க?"

"அதுங்களா? வாந்தி மாத்திரைங்க. காத்தால ஒண்ணு. நிக்கலைன்னு மறுக்கா ஒண்ணு. பொறகு மத்தியானம் ஒண்ணு."

"மூணு மாத்திரை! ஆனா ஒரு மருந்தும் இல்ல!" என்று சிரித்துக்கொண்டே அவர் ஊசியை எடுத்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் நான் சாகமாட்டேன் என்று தெரிந்தது.

சரசக்கா விடவில்லை. "ஊசியும் போடுங்க டாக்டரம்மா, அப்படியே ஓதி ஊதியும் உட்டுருங்க. உங்க ஆளுகளுக்குத் தெரியாததுங்களா?"

"எங்க அத்தா காதர்பேட்டையில பனியன் யாவாரிங்க. அவரு எனக்குச் சொல்லிக் குடுத்ததெல்லாம் டஜன் கணக்குதான். ஓதறதுக்கு நீங்க வேற ஆளைத்தான் பாக்கோணும்."

ஊசி போட்டுவிட்டு அவர் என் பக்கத்தில் குனிந்து, காதோடு சொன்னார்: "பயப்படாத கண்ணு. இது மாத்திரை பண்ற வேலை. சித்தெ நேரத்துல உட்டுரும்." கதவோரம் நின்ற சரசக்காவுக்கு உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. அப்பா வாங்கி வந்த டீ ஆறுவதற்குள் என் தாடை தளர்ந்து, வாய் மூடியது.

அந்த வாந்தி மாத்திரையின் பெயரை டாக்டரம்மா என்னை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார். மெட்டோகுளோப்ரமைடு. "வாய் சரியாயிருச்சான்னு பாக்க இதை விட நல்ல வார்த்தை கிடைக்காது" என்றார். அப்பாவும் முயன்று பார்த்தார், 'மெட்டோ'வைத் தாண்டவில்லை. எல்லோரும் சிரித்தோம். அப்புறம் அவர் அம்மாவின் பக்கம் திரும்பினார். "நீங்க குடுத்தது தப்பில்லீங்க. வாந்தி நிக்கோணும்னுதான குடுத்தீங்க. எல்லாருக்கும் இப்படி ஆகாது. சின்னப் புள்ளைகள்ல சிலருக்கு ஆகும். இனி இவளுக்கு இது வேண்டாம். எந்த டாக்டர்கிட்டப் போனாலும் மொதல்ல இதைச் சொல்லிருங்க."

நாங்கள் வீடு திரும்புவதற்கு முன்பே கதை வீடு போய்ச் சேர்ந்திருந்தது. டாக்டரம்மா காதில் ஓதினார், பேயைக் கட்டினார், வாய் மூடியது. அப்பா மறுக்கவில்லை. அம்மாவும் மறுக்கவில்லை. அது ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை. இப்போது புரிகிறது. பேய் என்றால் யார் மேலும் குற்றமில்லை. மாத்திரை என்றால் கொடுத்த கை ஒன்று இருக்கிறது.

அதற்குப் பிறகு பல் அடைக்க நான் பலமுறை அந்தக் கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். யார் வந்தாலும் வயிற்றைப் பற்றி அவர் கேட்காமல் விட்டதில்லை. நிட்டிங் மெஷின் ஓட்டும் மாரிமுத்து அண்ணன் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வீங்கிய கன்னத்தோடு ஒருநாள் கோபமாக வந்தார். "என்னம்மா கேப்சூல் குடுத்திய, வீக்கம் வத்தவே மாட்டேங்கு?"

"வயித்துக்கு என்ன போடறீங்க?"

"பல்லைக் காட்ட வந்தா வயித்தைக் கேக்கியளே!" என்று சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து எரிச்சல் மாத்திரையை எடுத்துக் காட்டினார். கேப்சூல் வயிற்றை எரிக்கிறது என்று இரண்டையும் சேர்த்தே போட்டிருக்கிறார்.

"அது ரெண்டும் வயித்துக்குள்ள கைகோத்துக்குமுங்க. பொறகு கேப்சூல் ரத்தத்துக்குப் போகாது, நேரா வெளியதான் போகும். ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல ரெண்டு மணி நேரமாச்சும் உடுங்க."

"அப்ப இத்தன நாளும் நான் கக்கூஸுக்குல்லா வைத்தியம் பாத்திருக்கேன்!" என்றார் மாரிமுத்து அண்ணன். வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவரே முதலில் சிரித்தார்.

பல்லின் பின்பக்கம் கரைந்திருந்த தையல்காரப் பெண் ஒருவரிடம், "புளிச்ச தண்ணி வாய்க்கு எதுக்களிச்சு வருதுங்களா?" என்று கேட்டார். அந்தப் பெண் திகைத்துப்போய், "எங்க ஊட்டுக்காரருக்கே தெரியாது, உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுங்க?" என்றார். டாக்டரம்மா அடிக்கடி சொல்வது இதுதான்: "வாயிக்குக் கீழதான வயிறு இருக்குது? நடுவுல செவுரா கட்டியிருக்குது?"

அவர் போன மறுநாள் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். "கட்டுனவங்க போயிட்டாங்க. கட்டு அவுந்துரும். அமாவாசைக்கு ஒரு ஆளுகிட்டக் கூட்டிட்டுப் போயி மறுபடி கட்டோணும். அதுவரைக்கும் புள்ளை வெளிய போக வேண்டாம். பள்ளிக்கூடமும் வேண்டாம்" என்றார். நான் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். ஒருமுறை நின்றுவிட்டால் அடுத்த வாரமே கம்பெனியில் பனியனின் நூல் பிசிர் வெட்டத்தான் போக வேண்டும். மருந்தின் பெயர் எனக்குத் தெரியும். இது பேய் இல்லை என்றும் தெரியும். இருந்தாலும் அடிக்கடி வாயைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டேன்.

இன்று சாயங்காலம் அமாவாசைக்குப் போவதைப் பேசி முடிக்கப் பெரியப்பா மறுபடி வந்தார். அம்மா கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"யாரும் எதையும் கட்டலீங்க மாமா. நாந்தான் மாத்திரை குடுத்தேன். மூணு குடுத்தேன். டாக்டரம்மா ஓதலீங்க, ஊசி போட்டாங்க."

"அப்ப நீயே பெத்த புள்ளை வாயைக் கோணவெச்சேங்கறயா?"

"ஆமாங்க. வாந்தி நிக்கோணும்னுதான் குடுத்தேன். அவங்களே என்னைத் திட்டலை. நீங்க திட்டறதுன்னா திட்டிக்கங்க."

பெரியப்பா காபி குடிக்காமல் எழுந்து போனார். அவர் போனதும் அப்பா என்னிடம், "நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்குதா கண்ணு?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "போயிட்டு வா" என்றார். பிறகு, "ஊட்டுக்கு வெளிய யாரும் இதைப் பத்திப் பேச வேண்டாம்" என்றும் சொன்னார். அந்த இரண்டாவது பேச்சைத்தான் நான் இப்போது மீறிக்கொண்டிருக்கிறேன்.

டாக்டரம்மாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்று உண்டு. அன்று அம்மா தவறான பதில் சொன்னபோது அவர் அம்மாவைத் திட்டவில்லை. தன் கேள்வியை மாற்றிக் கேட்டார். அப்படிக் கேட்டதால்தான் உண்மை வந்தது. அவர் அன்று திட்டாததால்தான் இன்று அம்மாவால் வாய்விட்டுச் சொல்லவும் முடிந்தது.

அம்மா வீட்டுக்குள் சொல்லிவிட்டார். வெளியே சொல்ல வேண்டியது என் பங்கு. நாளைக்குப் பள்ளிக்கூடம் போய்விட்டு வந்து இதை முதலில் அம்மாவிடம் படித்துக் காட்டுவேன். அவர் சரி என்றால், ஞாயிற்றுக்கிழமை உங்கள் முன்னால் நானே படிப்பேன். சரசக்காவை முன்வரிசையில் உட்காரச் சொல்ல வேண்டும்.